பேராலயத்தில் பாஸ்கா இரவு: முதன்முறை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவை நாம் பெரிய சனி என்கிறோம். அந்த இரவில் பேராலய வாசலில் நின்று, வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு மெழுகுதிரி கொடுப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. திரியை வாங்கிக்கொண்டே ஏதாவது ஒன்று கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், நானும் பாதி பதில்தான் சொல்லி அனுப்புவேன். அந்தப் பாதி பதில்களை இங்கே முழுதாக எழுத முயன்றிருக்கிறேன். நான் சொல்வது கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாடு. ஆங்கிலிக்கன், லூத்தரன் பேராலயங்களிலும் இந்த இரவைக் கொண்டாடுவது உண்டு. அங்கே வரிசையும் வார்த்தைகளும் கொஞ்சம் மாறும்.

பாஸ்கா திருவிழிப்பு என்றால் என்ன? சாதாரணத் திருப்பலியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இயேசு கல்லறையிலிருந்து உயிர்த்தெழுந்த இரவை விழித்திருந்து கொண்டாடும் வழிபாடு இது. 'விழிப்புகளுக்கெல்லாம் தாய்' என்று புனித அகுஸ்தினார் இதைச் சொன்னார். திருச்சபையின் ஆண்டு முழுவதிலும் இதைவிடப் பெரிய கொண்டாட்டம் வேறில்லை, கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலி உட்பட.

நான்கு பகுதிகள் உண்டு. முதலில் ஒளி வழிபாடு: வெளியே தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரியை ஏற்றி, இருட்டான கோவிலுக்குள் கொண்டுவருவது. அடுத்தது இறைவாக்கு வழிபாடு, உலகப் படைப்பில் தொடங்கி உயிர்ப்பு வரைக்கும். மூன்றாவது திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். கடைசியில் நற்கருணை வழிபாடு, அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணித்து உட்கொள்வது. நாம் ஞாயிறுதோறும் பார்க்கும் திருப்பலியின் பாதியும் இதில் இருக்கிறது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் ஒரு பெரிய பயணம் முடிந்திருக்கும்.

பேராலயம் என்றால் பெரிய கோவில் என்றுதானே பொருள்?

பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் ஒரு கோவிலைப் பேராலயம் ஆக்குவது அதற்குள் இருக்கும் ஒரு நாற்காலி. கிரேக்கத்தில் 'கதெத்ரா' என்றால் இருக்கை. மறைமாவட்டத்தின் ஆயர் (பிஷப்) அமர்ந்து போதிக்கும் இருக்கை எந்தக் கோவிலில் உள்ளதோ, அதுவே அந்த மறைமாவட்டத்தின் கதீட்ரல். சின்னக் கட்டடமாக இருந்தாலும் அது பேராலயம்தான்.

உரோமையில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. உலகமே பார்க்கும் புனித பேதுரு பெருங்கோவில் திருத்தந்தையின் பேராலயம் கிடையாது. உரோமை ஆயர் என்ற முறையில் அவருடைய இருக்கை இலாத்தரன் புனித யோவான் பேராலயத்தில் இருக்கிறது. அதன் நேர்ந்தளிப்பு நாளை ஆண்டுதோறும் நவம்பர் 9 அன்று உலகம் முழுவதும் கொண்டாடுகிறோம்.

எங்கள் பங்குக் கோவிலிலேயே இந்த வழிபாடு நடக்கிறது. பேராலயத்துக்கு வர வேண்டுமா?

வர வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. உங்கள் பங்கில் நடப்பதும் இதே வழிபாடுதான், அதே அருள்தான். உங்கள் பங்கில் பாடகர் குழுவிலோ வாசகராகவோ நீங்கள் தேவைப்பட்டால் அங்கேயே இருங்கள்.

ஆனால் ஒருமுறையாவது வாருங்கள் என்றும் சொல்வேன். இங்கே ஆயரே தலைமை தாங்குகிறார். தொடக்கத் திருச்சபையில் இந்த இரவில் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆயர்தான். 387-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 இரவு, மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் கையால் திருமுழுக்குப் பெற்றவர்களில் ஒருவர்தான், பிற்பாடு புனித அகுஸ்தினார் என்று நாம் அறியும் முப்பத்திரண்டு வயது ஆசிரியர். கூடவே அவருடைய மகனும் நண்பர் ஒருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். அந்தத் திருமுழுக்குத் தொட்டியின் அடித்தளத்தை இன்றைக்கும் மிலான் பேராலயத்துக்குக் கீழே போய்ப் பார்க்கலாம். அன்று நடந்ததும் இந்த இரவில் நம் கண்முன் நடப்பதும் ஒரே தொடர். பேராலயத்தில் நிற்கும்போது அது உறைக்கும்.

இன்னொரு காரணம் இருட்டு. உயரமான கூரையும் நீண்ட நடுக்கூடமும் உள்ள கட்டடம் முழு இருட்டில் கிடக்கும்போது, ஒரே ஒரு திரி உள்ளே வருவதைப் பார்ப்பது வேறு விதமான அனுபவம். அதை எழுத்தில் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எந்தத் தேதியில் வரும்? எத்தனை மணிக்குத் தொடங்கும்?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்புப் பெருவிழா. அதனால் அது மார்ச் 22-க்கு முன்னும் ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. 2025-இல் ஏப்ரல் 20 அன்று வந்தது. 2026-இல் ஏப்ரல் 5. 2027-இல் மார்ச் 28. திருவிழிப்பு அதற்கு முந்தின சனி இரவு. முழுநிலவை அடுத்து வருவதால், மேகம் இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் தீ மூட்டும் இடத்திலிருந்து நல்ல நிலாவைப் பார்க்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவானது: இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும், ஞாயிறு விடிவதற்குள் முடிக்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறார்கள் என்றால், பல நூற்றாண்டுகளாக இந்த வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. நல்ல வெயிலில், சன்னல் வழியாக வெளிச்சம் கொட்டும்போது, 'இது இரவு' என்று பாடிக்கொண்டிருந்தார்கள். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1951-இல் சோதனை முறையாக இதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். 1955-இல் வந்த ஆணை, அடுத்த ஆண்டு முதல் எல்லா இடத்துக்கும் அதைப் பொதுவாக்கியது. இன்று நாம் இருட்டில் நிற்க முடிகிறதென்றால் அந்தத் திருத்தம்தான் காரணம்.

தொடங்கும் மணி ஒவ்வொரு பேராலயத்துக்கும் மாறும். முந்தின குருத்தோலை ஞாயிறு அறிவிப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு முன்னதாக வர வேண்டும்?

ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால் உட்கார இடம் கிடைக்கும், கழிவறை எங்கே என்று பார்த்து வைக்கலாம், கொஞ்சம் அமைதியாக இருக்கலாம். சில பேராலயங்களில் நுழைவுச் சீட்டோ முன்பதிவோ உண்டு; இலவசமாகவே தருவார்கள் என்றாலும் முன்கூட்டி வாங்க வேண்டியிருக்கும்.

முன்வரிசைகளில் 'ஒதுக்கப்பட்டது' என்று தாள் ஒட்டியிருந்தால் அது பெரிய மனிதர்களுக்கு என்று எண்ண வேண்டாம். அன்றிரவு திருமுழுக்குப் பெறுகிறவர்களும் அவர்களுடைய ஞானப்பெற்றோரும் குடும்பத்தாரும் அங்கே இருப்பார்கள்.

கொஞ்சம் தாமதமாக வந்தால் பரவாயில்லையா?

மற்ற ஞாயிறுகளில் ஐந்து நிமிடம் பிந்தி வந்து பின்வரிசையில் நிற்பது நம் எல்லோருக்கும் பழக்கம். இந்த ஓர் இரவு மட்டும் அப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மற்ற வழிபாடுகளில் தொடக்கத்தில் ஒரு வருகைப்பாடல் போகும். இங்கே தொடக்கத்திலேயே தீ போய்விடும், இருட்டு போய்விடும், பாஸ்கா புகழுரை என்ற நீண்ட பாடலும் போய்விடும். பிந்தி வருகிறவர்கள் வெளிச்சம் வந்த கோவிலுக்குள் வருகிறார்கள். அவர்கள் கையில் நான் திரியைக் கொடுக்கும்போது எனக்கே மனம் கனக்கும்.

ஒரு வருடம் அப்படி ஓர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். உள்ளே புகழுரை முடிந்து எல்லோரும் திரியை அணைத்துக்கொண்டிருந்தார்கள். 'முடிஞ்சிடுச்சா?' என்றார். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதம்மா என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவர் கேட்டது அதை இல்லை. அடுத்த வருடம் வாசல் கதவு திறக்கும்போதே அவர் அங்கே நின்றிருந்தார்.

வெளியே தீ மூட்டி என்ன செய்கிறார்கள்? தூரத்தில் நிற்பதால் ஒன்றும் தெரிவதில்லை.

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாதுதான். அதனால் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

கோவிலுக்கு வெளியே விறகுத் தீ எரியும். ஆயர் அதை மந்திரிப்பார். பிறகு அவரிடம் புதிய பாஸ்கா திரியைக் கொண்டுவருவார்கள். ஒரு சிறு கூராணியால் அதில் சிலுவை கீறுவார். சிலுவைக்கு மேலே ஆல்பா, கீழே ஒமேகா, கிரேக்க எழுத்துகளின் முதலும் கடைசியும். நம் திருவிவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலில் இதைத்தான் 'அகரமும் னகரமும்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். சிலுவையின் நான்கு மூலைகளில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். காலம் முழுவதும் அவருடையது என்று சொல்லிவிட்டு, நாம் வாழும் இந்த ஆண்டையும் அதில் எழுதி வைப்பது எனக்கு மிகவும் பிடித்த செயல். அந்த ஆண்டில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், நோயில் படுத்தவர்கள் எல்லோரும் அந்த மெழுகில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவையில் பதிப்பார், இயேசுவின் ஐந்து காயங்களுக்காக. பெரும்பாலும் சிவப்பு மெழுகில் செய்த ஆணிகள் போல அவை இருக்கும். கடைசியில் புதுத் தீயிலிருந்து திரியை ஏற்றுவார். காற்று அடித்தால் இந்த இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

திருத்தொண்டர் (டீக்கன்) அந்தத் திரியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடப்பார். வாசலில் ஒருமுறை, நடுக்கூடத்தின் மத்தியில் ஒருமுறை, பீடத்துக்கு முன் ஒருமுறை நிற்பார். ஒவ்வொரு முறையும் 'கிறிஸ்துவின் ஒளி இதோ' என்று பாட, நாம் 'இறைவா உமக்கு நன்றி' என்போம். அவ்வளவு பெரிய இருட்டில் ஒரு தனிக்குரல். கல் சுவர்களில் பட்டு அது திரும்பி வந்து அடங்குவதற்குள் நம் பதில் எழும்பும்.

என் திரியை எப்போது ஏற்றுவது? எப்படிப் பிடிப்பது?

இரண்டாவது முறை திருத்தொண்டர் நின்று பாடிய பிறகு, பாஸ்கா திரியிலிருந்து எடுத்த தீயைப் பீடச்சிறுவர்கள் வரிசைகளுக்குக் கொண்டுவருவார்கள். தீப்பெட்டியோ லைட்டரோ எடுத்து நீங்களாகப் பற்ற வைக்காதீர்கள். அந்த ஒரே தீ பக்கத்து ஆளிடமிருந்து உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து அடுத்த ஆளுக்குப் போகும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், வாசலில் எல்லோரிடமும் சொல்வேன்: எரிகிற திரியை நேராகப் பிடியுங்கள், எரியாத திரியைச் சாயுங்கள். பெரும்பாலோர் தன் திரியைச் சாய்த்துக் கொடுக்கத்தான் பார்ப்பார்கள், கொடுக்கிறவர் குனிவதுதானே மரியாதை என்று. அப்படிச் செய்தால் உருகி நிற்கும் மெழுகு அடுத்தவர் கையிலும் துணியிலும் கொட்டும். வாங்குகிறவர்தான் சாய வேண்டும்.

திரியில் செருகியிருக்கும் காகித வட்டத்தைக் கழற்றாதீர்கள். வழியும் மெழுகை அதுதான் தாங்கும். அதையும் மீறி ஒரு சொட்டு விரலில் விழுந்தால் சுருக்கென்று இருக்கும், உடனே ஆறி வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், தொங்கும் துணியைச் செருகிக்கொள்ளுங்கள். முன்வரிசையில் நிற்பவர் முதுகிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளிப் பிடியுங்கள்.

இப்போது ஒரு நொடி நிமிர்ந்து பாருங்கள். உங்கள் திரியைப் பார்க்காதீர்கள், கூடத்தைப் பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் வெளிச்சம் வரிசை வரிசையாக நகர்ந்து வரும். முதலில் முகங்கள் தெரியும், பிறகு தூண்களின் அடி, அப்புறம் தூண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும். கூரை மட்டும் இருட்டிலேயே இருக்கும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

எல்லோரும் திரியோடு நிற்க, ஒருவர் மட்டும் நீளமாகப் பாடுகிறாரே, அது என்ன?

அதுதான் பாஸ்கா புகழுரை. திருத்தொண்டர் பாடுவார்; அவர் இல்லையென்றால் குருவோ பாடகரோ பாடலாம். பாஸ்கா திரிக்கு முன் நின்று இந்த இரவைப் புகழ்வது. செங்கடலைக் கடந்த இரவு இது, சாவின் தளை அறுந்த இரவு இது என்று 'இரவு' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஆதாமின் குற்றத்தையே, இப்பேர்ப்பட்ட மீட்பரைப் பெற்றுத் தந்த பேறான குற்றம் என்று வாழ்த்தும் இடமும் இதில்தான். இலத்தீன் மூலத்தில் தேனீக்களும் இரண்டு இடத்தில் வருகின்றன, திரிக்கு மெழுகு தந்ததற்காக. உலகமே மீட்கப்பட்டதைப் பாடிக்கொண்டிருக்கும்போது தேனீயை மறக்காமல் நன்றி சொன்ன அந்தப் பழைய மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

10 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை தென் இத்தாலியில் இந்தப் புகழுரையை நீண்ட தோல்சுருள்களில் படங்களோடு எழுதினார்கள். அவற்றில் பலவற்றில் எழுத்துக்குப் படங்கள் தலைகீழாக இருக்கும். திருத்தொண்டர் பாடப் பாடச் சுருளை மேடையின் முன்பக்கம் தொங்கவிடுவார். கீழே நிற்கும், எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குப் படம் நேராகத் தெரியும். பாரி நகரப் பேராலயத்தின் சுருள்கள் இன்னும் இருக்கின்றன.

இந்த நேரம் முழுவதும் நின்றிருக்க வேண்டும், திரி எரிந்துகொண்டிருக்க வேண்டும். முடிந்ததும் அணைத்துவிட்டு உட்காரலாம். திரியைக் கீழே போட்டுவிடாதீர்கள், மறுபடி தேவைப்படும்.

ஏழு வாசகங்கள் என்கிறார்களே, அத்தனையும் வாசிப்பார்களா?

பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து திருமுகமும் நற்செய்தியும், ஆக ஒன்பது. ஒவ்வொரு பழைய ஏற்பாட்டு வாசகத்துக்கும் பிறகு ஒரு திருப்பாடல், ஒரு மன்றாட்டு. மேய்ப்புப்பணிக் காரணங்களுக்காகப் பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைக்கலாம், குறைந்தது மூன்று வேண்டும் என்பது பொது விதி. எப்படிக் குறைத்தாலும் விடுதலைப் பயண நூலின் 14-ஆம் அதிகாரத்தை, செங்கடல் பிளந்ததை, விடவே கூடாது. பேராலயங்களில் ஏழையும் வாசிப்பது சாதாரணம்.

படைப்பு, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது, செங்கடல், எசாயாவிலிருந்து இரண்டு, பாரூக்கு, எசேக்கியேல் என்று வரிசை போகும். எசேக்கியேலில் கல் இதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இதயம் தருவேன் என்ற வாக்குறுதி வரும்போது, முன்வரிசையில் திருமுழுக்குக்குக் காத்திருப்பவர்களைப் பார்ப்பேன். அவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும்.

தூக்கம் வரும், ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டிலேயே ஏழையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கதை தெரிந்துவிட்டால் காது தானாக அடுத்த வரியை எதிர்பார்க்கும். சனிக்கிழமை மதியம் அரைமணி நேரம் கண்ணயர்ந்தாலும் உதவும்.

விளக்குகளும் மணியும் எப்போது?

வழிபாட்டு நூலின்படி, திருத்தொண்டர் மூன்றாவது முறை பாடிய பிறகே கோவில் விளக்குகளை ஏற்றலாம், பீடத்துத் திரிகளை மட்டும் விட்டுவிட்டு. ஆனால் பல இடங்களில் வானவர் கீதம் வரை மங்கலாகவே வைத்திருப்பார்கள்.

கடைசிப் பழைய ஏற்பாட்டு வாசகமும் மன்றாட்டும் முடிந்ததும் பீடத்துத் திரிகள் எரியும், ஆயர் 'உன்னதங்களிலே' என்று வானவர் கீதத்தை எடுப்பார், மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். பெரிய வியாழன் மாலை இதே கீதத்தோடு வாயை மூடிய மணிகள் அவை. ஆர்கனும் அன்றிலிருந்து பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலித்திருக்கும். இப்போது முழுக் குரலில் வரும். பெஞ்சின் மரத்தில் கை வைத்திருந்தால் அதிர்வு விரலில் தெரியும். சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், திடுக்கிட்டு அழுவார்கள்.

அதன் பிறகு உரோமையர் திருமுகம், பிறகு அல்லேலூயா. திருநீற்றுப் புதனிலிருந்து நாற்பது நாளுக்கும் மேலாக அந்தச் சொல்லையே நாம் உச்சரிக்கவில்லை. ஆயர் தலைமை தாங்கும் வழிபாட்டில் அழகான ஒரு வழக்கம் உண்டு: திருத்தொண்டரோ வாசகரோ ஆயரிடம் போய், பெருமகிழ்ச்சியான செய்தி கொண்டுவந்திருக்கிறேன், அதுதான் அல்லேலூயா என்று அறிவிப்பார். பிறகு அந்த ஒரு சொல்லை மூன்று முறை பாடுவார்கள், ஒவ்வொரு முறையும் சுதி ஒரு படி ஏறும். நாமும் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாட வேண்டும். பாட்டு வராது என்று தயங்குகிறவர்களும் மூன்றாவது முறை பாடிவிடுவார்கள்.

திருமுழுக்கு நடக்கும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

புனிதர்கள் மன்றாட்டுமாலைக்கு எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். ஆயர் தண்ணீரை மந்திரிக்கும்போது பாஸ்கா திரியைத் தொட்டிக்குள் இறக்குவதைக் கவனியுங்கள். பிறகு ஒவ்வொருவராக வருவார்கள். முழுகியோ தலையில் மூன்று முறை நீர் ஊற்றியோ திருமுழுக்கு. தலையிலிருந்து வழியும் நீரோடு நிமிரும் அந்த முகத்தையும், துண்டோடு காத்து நிற்கும் ஞானத்தாயையும் பார்க்கும் தூரத்தில் ஒருமுறை நின்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். எழுந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல், ஈரக் கையால் ஞானத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். தரை நனைந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவர்களுக்கு வெள்ளாடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய திரி. பெரியவர்களுக்கு ஆயர் உடனே கிறிஸ்மா தைலத்தால் உறுதிபூசுதலும் கொடுப்பார். அப்புறம் நம் முறை: திரியை மறுபடி ஏற்றி, எழுந்து நின்று நம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். உங்கள் திருமுழுக்கில் வேறு யாரோ உங்களுக்காகச் சொன்ன பதில்கள் அவை. பிறகு தீர்த்தம் தெளிப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிக்கொள்ளுங்கள்.

நான் கிறிஸ்தவர் இல்லை. வரலாமா?

தாராளமாக வரலாம். யாரும் உங்களை ஏன் வந்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை. திரி பிடிக்கலாம், பாடலாம், எழும்போது எழுந்து உட்காரும்போது உட்காரலாம். மண்டியிடவும் சிலுவை அடையாளம் போடவும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

நற்கருணை மட்டும் கத்தோலிக்கர்களுக்குரியது. அந்த நேரத்தில் இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம். சில இடங்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால் ஆசி தருவார்கள். வழக்கம் என்ன என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் போய்விடுவோமோ என்ற பயத்திலேயே வராமல் இருந்துவிடாதீர்கள்.

குழந்தைகள், முதியவர்கள், சாம்பிராணிப் புகை ஒத்துக்கொள்ளாதவர்கள்?

மொத்தம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், திருமுழுக்குப் பெறுகிறவர்கள் அதிகமானால் அதற்கும் மேல். நிற்க முடியாதவர் உட்கார்ந்தே கலந்துகொள்ளலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் பீடத்துக்கு அருகிலும் நடுப்பாதை ஓரத்திலும் உட்கார வேண்டாம். பக்கவாட்டுக் கதவை ஒட்டி இடம் பிடியுங்கள். பிள்ளைகள் தூங்கினால் தூங்கட்டும், மணியடிக்கும்போது எழுந்துகொள்வார்கள். திரியை மட்டும் சின்னப் பிள்ளைகள் கையில் தனியாக விடாதீர்கள்.

படம் எடுக்கலாமா?

உள்ளே வரும்போதே போனை அணைத்து உள்ளே வையுங்கள். பலர் இதை ஒழுங்கு விதியாக மட்டும் நினைக்கிறார்கள். இருட்டில் ஒரு போன் திரை எரிந்தாலே போதும், பத்து வரிசைக்கு அந்த இருட்டு கெட்டுவிடும். நான் இத்தனை சொன்னதும் அந்த இருட்டை நம்பித்தான் இருக்கிறது. வழிபாடு முடிந்ததும் பாஸ்கா திரிக்குப் பக்கத்தில் நின்று வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலையும் திருப்பலிக்கு வர வேண்டுமா?

திருவிழிப்பு உயிர்ப்புப் பெருவிழாவின் திருப்பலியே. ஞாயிறு கடன் அதிலேயே நிறைவேறிவிடும். வர ஆசையிருந்தால் வரலாம். இரவில் நற்கருணை வாங்கியவர்கள் பகல் திருப்பலியில் பங்கேற்று மறுபடியும் வாங்கலாம்.

மீந்த திரியை என்ன செய்வது?

சிலர் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போவார்கள்; நாங்கள் கூடையில் சேர்த்துக்கொள்வோம். வீட்டுக்குக் கொண்டுபோவதில் தடையில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாதபோது, ஒரு பிறந்தநாளில், மின்சாரம் போன இரவில் ஏற்றுங்கள். பாஸ்கா திரியும் பெந்தகோஸ்து வரை பீடத்தருகே நிற்கும். அதன் பிறகு திருமுழுக்குத் தொட்டிக்கு அருகில் வைப்பார்கள். குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போதும், இறந்தவரைக் கோவிலுக்குக் கொண்டுவந்து பெட்டியருகே வைக்கும்போதும் அதை ஏற்றுவார்கள், அடுத்த பெரிய சனி வரைக்கும்.

காகித வட்டத்தில் ஒட்டிய மெழுகைச் சுரண்ட வேண்டாம், அப்படியே வையுங்கள். துணியில் சொட்டியிருந்தால் நன்றாக இறுகிய பிறகு நகத்தால் பெயர்த்துவிட்டு, மேலும் கீழும் தாள் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். மெழுகைத் தாள் இழுத்துக்கொள்ளும்.